எல்லையோடு நின்றுவிடும் சான்றிதழ்

'ஊரு மாறுனா சாதி போயிரும்' என்று நம் பிள்ளைகளுக்கு யோசனை சொல்கிறவர்கள் உண்டு. 1913இல் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போன அம்பேத்கர், 1917இல் பரோடாவுக்கு வேலைக்கு வந்தபோது தங்க ஓர் அறை கிடைக்கவில்லை. சாதியை மறைத்துப் பார்சி விடுதியில் இருந்தவரைத் தடியோடு வந்து வெளியேற்றினார்கள். சாதி நம்மோடு ரயிலேறி வரும். வராமல் நின்றுவிடுவது சாதிச் சான்றிதழுக்கு உள்ள மதிப்புதான்.

ஸ்ரீரங்கத்தை ஒட்டிய திருவானைக்காவலில் 1888இல் பிறந்தவர் சி.வி.ராமன். அப்பா விசாகப்பட்டினத்தில் கல்லூரி ஆசிரியரானார். பிள்ளை அங்கே படித்து, சென்னையில் படித்து, 1907இல் கல்கத்தா போனார். எந்த எல்லையிலும் அவர் சாதிக்குச் சான்று காட்ட வேண்டியிருக்கவில்லை. அக்கிரகாரத்துப் பிள்ளைக்கு மாநிலம் மாறுவது வெறும் பயணம். சேரிப் பிள்ளைக்கு அது சட்டச் சிக்கல்.

எப்படி? அரசியல் சாசனத்தின் 341ஆம் பிரிவு பட்டியல் சாதிகளை மாநிலவாரியாகத்தான் அறிவிக்கச் சொல்கிறது. 1950இல் வந்த குடியரசுத் தலைவர் ஆணையும் அப்படித்தான். ஆந்திராவிலிருந்து ஒன்பது வயதில் பம்பாய்க்கு வந்து, அங்கேயே பள்ளி முடித்த பழங்குடி மாணவர் ஒருவர் மருத்துவக் கல்லூரியில் ஒதுக்கீட்டு இடம் கேட்டார். 1990இல் உச்சநீதிமன்றம் மறுத்துவிட்டது. அந்தந்த மாநிலத்தில் பட்ட இழிவுக்குத்தான் அந்தந்தப் பட்டியல் என்றது. சாதிப் பெயர் இரண்டு பட்டியலிலும் இருந்தாலும் இதே கதிதான் என்று 1994இல் வந்த தீர்ப்பு. 2018இல் அரசியல் சாசன அமர்வும் இதையே உறுதி செய்தது. ஆதிதிராவிடர் என்ற பெயர் தமிழ்நாட்டுப் பட்டியலிலும் இருக்கு, கர்நாடகப் பட்டியலிலும் இருக்கு. ஆனாலும் திருச்சிப் பிள்ளை பெங்களூரில் மாநிலப் பல்கலைக்கழகத்துக்குப் போனால் பொதுப்பிரிவுதான்.

இதில் ஒரு நியாயமும் உண்டு. உள்ளூர் தலித்தின் பங்கை, வசதியோடு வந்த வெளியூர் தலித் எடுத்துக்கொள்ளக் கூடாது. சரி. ஆனால் வேலை மாற்றலில் வந்த ரயில்வே தொழிலாளியின் பிள்ளைக்கு எந்த ஊர் சொந்த ஊர்?

திருச்சியிலேயே இதைப் பார்க்கலாம். புதுக்கோட்டைச் சாலையில் 1982இல் வந்த பாரதிதாசன் பல்கலைக்கழகம். தஞ்சாவூர்ச் சாலையில் துவாக்குடியில் என்.ஐ.டி. பீகாரிலிருந்து வரும் தலித் மாணவருக்கு என்.ஐ.டி.யில் மத்திய அரசின் 15 சதவீதத்தில் இடம் உண்டு. பாரதிதாசனில் அவர் பொதுப்பிரிவு. ஒரே ஆள், ஒரே ஊர், இரண்டு சாதிக் கணக்கு!

ஆகவே வெளியே போக நினைக்கிற நம் பிள்ளைகள் முதலில் கேட்க வேண்டியது 'எந்த ஊரு?' என்றல்ல, 'மத்தியதா, மாநிலத்ததா?' என்று. ஹைதராபாத், டெல்லி ஜே.என்.யூ., புதுச்சேரி மத்தியப் பல்கலைக்கழகங்களில் நம் சான்றிதழ் செல்லும். ஆனால் இங்குள்ள 18 சதவீதம் அங்கே 15. அருந்ததியருக்கு 2009இல் கிடைத்த 3 சதவீத உள்ஒதுக்கீடு அங்கே இல்லை. கிறித்தவ தலித்துகள் 1950 ஆணையாலேயே வெளியே தள்ளப்பட்டவர்கள். திருச்சி மேலப்புதூர் கல்லறையில் செத்தவர்களையும் சாதி பார்த்துச் சுவர் பிரித்தது. சட்டத்துக்கு மட்டும் அவர்களிடம் சாதி தெரியவில்லை. மத்திய நிறுவனத்தில் அவர்கள் இதர பிற்படுத்தப்பட்டோர்.

பணத்துக்கும் வழி உண்டு. 1944இல் தொடங்கிய போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையை, வெளிமாநிலத்தில் படித்தாலும் சொந்த மாநிலம்தான் தர வேண்டும். விண்ணப்பம் தமிழ்நாட்டுக்கு, கல்லூரி முத்திரை அங்கிருந்து. இந்த அலைச்சலில் ஒரு பருவம் போய்விடும். விடுதிக் கட்டணம் காத்திருக்குமா?

இடம் கிடைத்ததோடு முடியவில்லை. ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் 2016 ஜனவரியில் ரோஹித் வெமுலாவை இழந்தோம். அங்கே படித்து ஜே.என்.யூ.வுக்குப் போன சேலத்து முத்துகிருஷ்ணனை 2017 மார்ச்சில் இழந்தோம்.

அதற்காகப் போகாதே என்று சொல்ல முடியுமா? மாட்டோம். போகட்டும். போகிற பிள்ளை தனியாகப் போகக் கூடாது. முன்னால் போனவர்கள் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, அங்கே அம்பேத்கர் மாணவர் அமைப்பு எங்கே என்று விசாரித்துக்கொண்டு போகட்டும். அரசு செய்ய வேண்டியது இரண்டு: மாற்றலில் போகும் தொழிலாளியின் பிள்ளைக்கு ஏதாவது ஒரு மாநிலத்திலாவது உரிமையை உறுதி செய்வது, உதவித்தொகையைப் பருவம் தொடங்கும்முன் தருவது. சாதி எல்லை தாண்டுகிறவரை, அதற்கான பரிகாரமும் எல்லை தாண்டித்தான் ஆக வேண்டும்.