போரிவலிக் காட்டில் கண்டதும் காணாததும்

தாராவியிலிருந்து போரிவலி செல்வோர் மாகிமில் ரயிலேறுவர். மாட்டுங்காவினர்க்கு மாட்டுங்கா ரோடு நிலையம் அருகிலேயே உண்டு. செம்பூர்க்காரர்களுக்குத்தான் சுற்று: ஹார்பர் வழியில் குர்லா, அங்கிருந்து தாதர், பிறகு மேற்கு வழித்தடம். விடுமுறை நாள்களில் மும்பைத் தமிழர் வீட்டுப் பிள்ளைகள் அடம்பிடித்துக் கேட்கும் இடங்களுள் ஒன்று போரிவலியின் சஞ்சய் காந்தி தேசியப் பூங்கா. கேட்பதற்குக் காரணம் சிங்கம். வீட்டுத் தொலைக்காட்சியில் அது செரங்கெட்டிப் புல்வெளியில் வரிக்குதிரையைத் துரத்துகிறது; பூங்காவிலோ வேலியிட்ட அடைப்புக்குள் மரநிழலில் படுத்திருக்கிறது. கம்பிவலை பொருத்திய சிறு பேருந்து அதன் அருகே நிற்கும். வால் ஒருமுறை அசைந்தால் பேருந்து முழுதும் ஆரவாரம் எழும். சிறிது நேரத்தில் வண்டி வாயிலுக்குத் திரும்பிவிடும். 'அது ஏன் ஓடவில்லை?' என்று பிள்ளைகள் கேட்பர்.

இந்தக் கேள்விக்கு நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு.

'சபாரி' என்பது சுவாகிலி மொழியில் பயணத்தைக் குறிக்கும் சொல். அதன் வேர் அரபியின் 'சபர்'. மும்பைத் தமிழர் இந்தித் திரைப்பாடல்களில் நாள்தோறும் கேட்கும் 'சஃபர்' அதன் உடன்பிறப்பே. (அரசு அலுவலர்கள் ஒரு காலத்தில் சீருடைபோல அணிந்து திரிந்த சபாரி உடுப்பும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.) கிழக்காப்பிரிக்காவில் குடியேறிய ஆங்கிலேயர் அச்சொல்லை வேட்டைப் பயணத்துக்கு உரியதாக்கினர். அவ்வகைப் பயணங்களுள் உலகப் புகழ் பெற்றது, அமெரிக்கக் குடியரசுத் தலைவராக இருந்து ஓய்வுபெற்ற தியோடர் ரூசவெல்ட் 1909இல் மேற்கொண்டது. அருங்காட்சியகத்திற்கு மாதிரிகள் சேர்ப்பதாகச் சொல்லிப் புறப்பட்ட அவரும் அவர் மகனும் சுட்ட பெருவிலங்குகள் மட்டும் 512.

அப்பயணத்தின் சில காட்சிகளைச் செர்ரி கியர்டன் என்னும் ஆங்கிலேயர் திரைப்படமாக எடுத்தார். படம் 1910இல் வெளிவருவதற்கு முன்பே, சிகாகோ நகரில் வில்லியம் செலிக் என்னும் படத் தயாரிப்பாளர் ஒரு வேலை செய்துவிட்டார். கிழட்டுச் சிங்கம் ஒன்றை விலைக்கு வாங்கினார். படப்பிடிப்பு நிலையத்திலேயே காடு அமைத்தார். ரூசவெல்ட்டின் சாயலுள்ள நடிகர் ஒருவரை நிறுத்திச் சிங்கத்தைச் சுட்டு வீழ்த்தும் காட்சியைப் படமாக்கினார். 'ஆப்பிரிக்காவில் பெருவேட்டை' என்னும் பொருளுடைய தலைப்பில் அது 1909இலேயே திரையரங்குகளை நிறைத்தது. உண்மையிலேயே ஆப்பிரிக்கா சென்று எடுத்த கியர்டனின் படமோ பார்வையாளரை ஏமாற்றியது. அதில் சிங்கம் எதிர்பார்த்தபடி பாயவில்லை, சாகவில்லை. கூண்டுச் சிங்கம் தந்த விறுவிறுப்பைக் காட்டுச் சிங்கம் தரவில்லை. இன்றைய தொலைக்காட்சிக்கும் சபாரிக்கும் இடையிலான கணக்குவழக்கு அங்கேயே தொடங்கிவிட்டது.

மும்பையின் கதை சற்று வேறு. 1883இல் எட்டுப்பேர் கூடித் தொடங்கிய பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் தொடக்ககால இதழ்களில் வேட்டைக் குறிப்புகள் நிறைந்திருக்கும். அந்நாளில் விலங்கை அறிவதும் சுடுவதும் ஒரே செயலின் இரு பக்கங்கள். சாலிம் அலி சிறுவனாக ஒரு குருவியைச் சுட்டு, அதன் தொண்டையிலிருந்த மஞ்சள் திட்டுக்கு விளக்கம் தேடி அக்கழகத்தின் படியேறியதுதான் இந்தியப் பறவையியலின் புகழ்பெற்ற தொடக்கம். இன்று பூங்காவாக உள்ள காட்டின் விஹார் ஏரிப் பக்கம் 1929இல் ஒரு புலி சுடப்பட்டது. நகரின் கடைசிக் காட்டுப்புலி என்று அதைச் சொல்வது வழக்கம். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் துப்பாக்கியைக் கீழே வைக்கச் செய்தது. அதன் பின்னர், பழைய போரிவலிப் பூங்காவில் சிங்கத்துக்கும் புலிக்கும் அடைப்புகள் அமைந்தன. மகாராட்டிரத்தில் காட்டுச் சிங்கம் கிடையாது என்பதால் சிங்கங்கள் வெளியிலிருந்தே வரவேண்டும். அவை மூப்பெய்திக் குறைந்தபோது, 2022 நவம்பரில் புலிகளைக் கொடுத்து ஜுனாகத் சக்கர்பாக் உயிரியல் பூங்காவிலிருந்து ஒரு சோடி சிங்கங்களைப் பெற்றனர். பண்டமாற்றில் வந்த விலங்கு அது. இந்த ஏற்பாட்டை இகழ வேண்டியதில்லை. அடைப்பு அடைப்பாகவே கண்முன் தெரிகிறது. எவரும் அதைக் காடு என்று சொல்லி விற்கவில்லை. திரையைப் பற்றி அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாது.

டிஸ்கவரி அலைவரிசை 1995இல் இந்திய வீடுகளுக்குள் வந்தது. நேஷனல் ஜியாகரஃபிக், அனிமல் பிளானட் ஆகியவை அடுத்தடுத்து வந்தன. பிறகு சிங்கமும் முதலையும் தமிழ் வருணனையோடு பாயத் தொடங்கின. தாராவியின் பத்துக்குப் பத்து அறையிலும் ஆப்பிரிக்கா விரிந்தது. அந்த விரிவுக்குப் பின்னாலுள்ள உழைப்பை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். பிபிசியின் 'பிளானட் எர்த் 2' தொடருக்காக 40 நாடுகளுக்கு 117 படப்பிடிப்புப் பயணங்கள் நடந்தன. செலவான நாள்கள் 2,089. வந்தவை ஆறு பகுதிகள், ஒவ்வொன்றும் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. வகுத்துப் பார்த்தால் திரையின் ஒரு நிமிடத்துக்குக் காட்டில் ஏறத்தாழ ஆறு நாள். பேருந்தில் ஏறும் பிள்ளையின் மனத்தில் அந்த ஒரு நிமிடம்தான் இருக்கிறது. ஆறு நாள்கள் இல்லை.

காத்திருப்பை வெட்டி நீக்குவது படத்தொகுப்பின் இயல்பு, அது குற்றமன்று. எல்லை மீறியவையும் உண்டு. டிஸ்னி நிறுவனத்தின் 'ஒயிட் வில்டர்னஸ்' (1958) படத்தில் லெம்மிங் எலிகள் கூட்டமாகக் கடலில் விழுந்து தற்கொலை செய்வதாகக் காட்டப்பட்ட காட்சி முழுக்கப் புனைவு என்பது பின்னாளில் அம்பலமாயிற்று. 2011இல் பிபிசியின் 'ஃப்ரோஸன் பிளானட்' தொடரில் பனிக்குகைக்குள் இருந்த துருவக்கரடிக் குட்டிகள் நெதர்லாந்தின் விலங்குக் காட்சிசாலையில் படம்பிடிக்கப்பட்டவை என்பது தெரிந்து சர்ச்சை எழுந்தது. காட்டுக் கரடியின் குகைக்குள் படக்கருவியை நுழைத்தால் குட்டிகளின் உயிருக்கே ஆபத்து என்பது தயாரிப்பாளர் தரப்பின் மறுமொழி. அது நியாயமான மறுமொழியே. ஆயினும் அதை வருணனையிலேயே சொல்லியிருக்கலாம்.

இந்தத் துறையின் உச்சியைத் தொட்டுவிட்டு விலகி நடந்தவர் சென்னையைச் சேர்ந்த சேகர் தத்தாத்ரி. 'சைலன்ட் வேலி' (1991) உள்ளிட்ட படங்களால் உலக அலைவரிசைகளில் இடம்பெற்ற அவர், அழகைக் காட்டுவதால் மட்டும் காடு பிழைக்காது எனக் கண்டு, பாதுகாப்புக்காகவே குறும்படங்கள் எடுக்கத் திரும்பினார். குதிரேமுக் சுரங்கம் பற்றி 2001இல் அவர் எடுத்த படம், அச்சுரங்கத்தை மூடவேண்டி உச்சநீதிமன்றத்தில் நடந்த வழக்குக்குத் துணைநின்றது. சுரங்கம் 2005ஆம் ஆண்டோடு நின்றது. அப்படத்தில் பாயும் புலி எதுவும் இல்லை.

மும்பையே திரைக்கு வந்தது 2016 டிசம்பரில். 'பிளானட் எர்த் 2' தொடரின் நகரங்கள் பற்றிய பகுதியில், வெப்பத்தை உணரும் படக்கருவி கொண்டு, போரிவலிக் காட்டு விளிம்பின் இருட்டில் சிறுத்தைகளைப் பிடித்திருந்தனர். குடியிருப்புகளின் ஓரமாக ஒளிரும் உருவங்கள் நடந்தன, பன்றிகளை வேட்டையாடின. பொய் எதுவுமற்ற காட்சி அது. ஆயினும் பகலில் பேருந்தில் சுற்றிவரும் எவரும் அதைக் காண இயலாது. சுமார் 104 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அக்காட்டிலும் அதன் சுற்றுப்புறத்திலும் தானியங்கிப் படக்கருவிகள் கொண்டு நடந்த கணக்கெடுப்பில் 2015இல் 35 சிறுத்தைகளும் 2018இல் 47 சிறுத்தைகளும் பதிவாயின. சிங்கம் பார்க்க வரும் கூட்டத்துக்குக் கூப்பிடு தூரத்திலேயே அவை படுத்துறங்குகின்றன. பயணச்சீட்டு அவற்றுக்குச் செல்லாது.

திரையிலும் பேருந்திலும் ஒருங்கே விடுபட்டவர்கள் அக்காட்டின் மக்கள். பூங்காவுக்குள்ளும் அதை ஒட்டிய ஆரேயிலும் 'பாடா' எனப்படும் சிற்றூர்களில் வார்லி முதலிய பழங்குடியினர் வாழ்கின்றனர். சிறுத்தையையும் புலியையும் அவர்கள் 'வாகோபா' என்னும் தெய்வமாக வணங்குகின்றனர். மகாராட்டிரத்தில் வாகோபாவின் கோவில்கள் நூற்றுக்கு மேல் ஆய்வாளர்களால் பதிவு செய்யப்பட்டுள்ளன. இரவில் எந்த வழியே நடக்கலாம், குழந்தையை எப்போது முற்றத்தில் விடக்கூடாது என்பன அவர்களுக்கு அன்றாட அறிவு. அந்த அறிவும் எப்போதும் காப்பதில்லை: 2022 தீபாவளியன்று ஆரேயில் ஒன்றரை வயதும் நிரம்பாத குழந்தை ஒன்று சிறுத்தைக்குப் பலியாயிற்று. 1997இல் பம்பாய் உயர்நீதிமன்றம் பூங்காவின் ஆக்கிரமிப்புகளை அகற்ற ஆணையிட்டபின் ஆயிரக்கணக்கான குடிசைகள் இடிக்கப்பட்டன. மனிதர் அற்ற காடு என்னும் திரைப்படிமம் எத்தனை பேரின் கூரையைத் தொடுகிறது என்பதற்கு அதுவே போதும்.

தொலைக்காட்சியின் அண்மைக்காட்சியைப் பழகிய கண், உண்மைக் காட்டிலும் அதையே கேட்கிறது. 2024ஆம் ஆண்டின் கடைசி நாளில் நாக்பூர் அருகே உம்ரேட்–கர்ஹண்ட்லா சரணாலயத்தில் சபாரி வண்டிகள் ஒரு பெண்புலியையும் அதன் ஐந்து குட்டிகளையும் வழிமறித்துச் சூழ்ந்து நின்றன. உயர்நீதிமன்றத்தின் நாக்பூர்க் கிளை அதைத் தானாகவே வழக்காக எடுத்துக்கொண்டது. வண்டிக்குள் இருந்தோர் கொடியவர் அல்லர், பிள்ளைகுட்டிகளோடு வந்தவர்கள். திரையில் பார்த்ததை நேரில் பார்க்கப் பணம் கட்டியவர்கள்.

சிறுத்தைகளைப் பற்றி மும்பை மெய்யாகக் கற்றது வேறு வழியில். 2002க்கும் 2004க்கும் இடையே போரிவலிக் காட்டைச் சுற்றி மனிதர்மீதான தாக்குதல்கள் உச்சத்தை எட்டின. அஞ்சிய ஊர்களில் கூண்டு வைத்துப் பிடித்து, வேறு காட்டில் கொண்டுவிடுவதே அப்போதைய வழக்கம். வித்யா ஆத்ரேயா என்னும் ஆய்வாளர் புணே மாவட்டத்தின் ஜுன்னர் பகுதியில் அவ்வழக்கத்தை ஆராய்ந்து, இடம்பெயர்ப்பே தாக்குதலைப் பெருக்குகிறது என்பதைக் காட்டினார். பழகிய நிலத்திலிருந்து பெயர்த்தெடுத்த விலங்கு, அறியாத ஊரின் நடுவே திகைத்து நிற்கிறது. 2011இல் போரிவலிப் பூங்கா நிருவாகமும் ஆய்வாளரும் தன்னார்வலரும் கூடித் தொடங்கிய முயற்சி, சிறுத்தையைப் பிடிப்பதை விடுத்துக் குப்பையை அகற்றுதல், நாய்களைக் குறைத்தல், மக்களிடம் பேசுதல் என்பவற்றின் பக்கம் திரும்பியது.

அதே ஆய்வின் போக்கில் வந்ததே 'ஆஜோபா'வின் கதை. ஆஜோபா என்றால் மராத்தியில் தாத்தா. 2009இல் அகமதுநகர் மாவட்டத்தின் டாக்ளி டோகேஸ்வர் அருகே கிணற்றில் விழுந்த முதிய ஆண் சிறுத்தை அது. மீட்டு, கழுத்தில் இடங்காட்டும் பட்டை கட்டி, மால்ஷேஜ் மலைப்பாதைப் பக்கம் விட்டனர். ஒரு மாதத்துக்குள் அது ஏறத்தாழ 120 கிலோமீட்டர் நடந்து மும்பைக் காட்டை அடைந்தது. வழியில் நெடுஞ்சாலை, இருப்புப்பாதை, வயல், ஊர், வசாய் கழி ஆகிய அனைத்தையும் கடந்தது, ஒருவரையும் தீண்டவில்லை. அந்நடையைப் படம்பிடித்தவர் எவருமில்லை. பட்டை அனுப்பிய புள்ளிகள் மட்டும் நிலப்படத்தில் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. இரண்டாண்டுக்குப் பின், 2011 டிசம்பரில், மும்பையின் வடக்கே நெடுஞ்சாலையில் வண்டி மோதிச் செத்துக்கிடந்த ஒரு சிறுத்தையை, அதன் உடலில் செலுத்தியிருந்த நுண்சில்லைக் கொண்டு ஆஜோபா என அடையாளம் கண்டனர்.

2014இல் அதன் பெயரிலேயே மராத்தித் திரைப்படம் ஒன்று வந்தது. ஆய்வாளராக நடித்தவர் ஊர்மிளா மாதோண்ட்கர்.