குறைகுடத்தின் கணக்கு

பாலிகஞ்ச் சந்திப்பிலிருந்து பிரியும் இருப்புப்பாதையொன்று ஹூக்ளிக் கரையிலுள்ள பஜ்பஜ்ஜில் முடிகிறது. கொல்கத்தாவுக்கு வேண்டிய எண்ணெய் வகைகள் நெடுங்காலமாகக் கப்பலில் வந்திறங்கும் துறை அது. கப்பலின் வயிற்றுக்குள் இருக்கும் எண்ணெயை அளப்பது எவ்வாறு?

நிறைகுடம் தளும்பாது என்பது நம் முன்னோர் மொழி. எண்ணெய்க் கப்பலுக்கு அது பாதியே பொருந்தும். குறைவாக நிரம்பிய தொட்டியில் எண்ணெய் அலைமோதிக் கப்பலின் நிலையைக் கெடுக்கும். விளிம்புவரை நிரப்பினாலோ, வெப்பம் 20 பாகை ஏறும்போது மண்ணெண்ணெய் நூற்றுக்கு ஏறத்தாழ 2 பங்கு பெருகி வழியும். வழிந்த எண்ணெய் தீயை அழைக்கும். ஆதலின், எண்ணெயின் அளவோடு அதற்கு மேலுள்ள காலியிடத்தின் அளவும் தெரிந்தாக வேண்டும்.

கலத்தை அளக்கும் கலை பழையது. 1613-ல் லின்ஸ் நகரில் தம் திருமணத்துக்கு மது வாங்கிய வானநூலறிஞர் கெப்ளர், வணிகர் பீப்பாயின் துளைவழியே கோலைச் சாய்வாகச் செலுத்தி, அந்நீளம் ஒன்றைக்கொண்டே விலை கூறியதைக் கண்டு ஐயுற்றார். அந்த ஐயமே 1615-ல் பீப்பாய்களின் கொள்ளளவு பற்றிய கணித நூலாயிற்று.

கீழைநாடுகளுக்கு மண்ணெண்ணெய் முன்பு தகரங்களில் அடைத்தே வந்தது. 1892 ஆகஸ்டில் 'மியூரெக்ஸ்' என்னும் கப்பல், பாட்டூமியில் தொட்டிகளில் நிரப்பிய மண்ணெண்ணெயுடன் சூயஸ் கால்வாயைக் கடந்து சிங்கப்பூர் நோக்கிச் சென்றது. அக்காலக் கப்பல்களின் தொட்டிகளுக்கு மேலே குறுகிய கழுத்து ஒன்று அமைத்தனர். எண்ணெய் பெருகுவதும் சுருங்குவதும் அக்கழுத்துக்குள்ளேயே நிகழ்ந்தமையால் அலைமோதல் குறைந்தது. நம் வீட்டுக் குடத்தின் வடிவம் ஈண்டு நினைவுக்கு வருகிறதல்லவா?

அளப்பவர், குண்டு கட்டிய நாடாவைத் தொட்டிக்குள் இறக்கி, மேல்வாயிலிருந்து எண்ணெய்ப் பரப்புவரையுள்ள ஆழத்தைக் காண்பர். மாலுமிகள் இதனை 'அல்லேஜ்' என்பர். அவ்வளவுக்குரிய கொள்ளளவைத் தொட்டியின் பட்டியல் காட்டும். கப்பலின் சாய்வுக்கும் எண்ணெயின் வெப்பத்துக்கும் திருத்தம் செய்து, அடியில் தங்கிய நீரையும் கழிப்பர். 20 மீட்டர் நீளமும் 15 மீட்டர் அகலமும் உள்ள தொட்டியில் 1 சென்டிமீட்டர் பிழை நேர்ந்தால் 3,000 லிட்டர் கணக்குத் தவறும்! விற்பவருக்கோ வாங்குபவருக்கோ அது நேர் நட்டமாகும்.

ஹூக்ளியின் ஆழக்குறைவால் பெருங்கப்பல்கள் முழுச்சுமையுடன் அவ்வாற்றில் ஏற இயலாது. குறைந்த சுமையோடு வரும் கப்பலுக்கே இக்கணக்கு மிகவும் இன்றியமையாதது. இன்று ரேடார்க் கருவிகள் எண்ணெய் மட்டத்தைக் காட்டுகின்றன. எனினும் பட்டியலும் சாய்வும் வெப்பமும் நீங்கவில்லை. இருப்பதை அறிய இல்லாததையும் அளத்தல் வேண்டும் என்பதே இவ்வரலாறு நமக்குக் காட்டும் உண்மை.