'எதையும் ஃபீல் பண்ணாதே' என்பதா ஸ்டோயிக் தத்துவம்? நாலு பேரோடு சேர்ந்து அன்றாடம் பழகுவது எப்படி?

ஒரு ரோமானிய சிலை. பின்னணியில் மழைச் சத்தம். 'யாரையும் எதிர்பார்க்காதே, எதையும் ஃபீல் பண்ணாதே, தனியா நில்' என்று கனமான குரலில் ஒருவர் பேசுகிறார். கீழே 'ஸ்டோயிக் மைண்ட்செட்' என்று ஹேஷ்டேக். இந்த மாதிரி ரீல்ஸ் உங்கள் போனிலும் ஒன்றாவது வந்திருக்கும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், 'தனியா நில்' என்று சொல்லப் பயன்படுத்துகிற இந்தத் தத்துவத்துக்குப் பெயர் வந்ததே நாலு பேர் கூடிப் பேசிய ஒரு இடத்தால்தான்.

பெயர் எப்படி வந்தது?

சைப்ரஸ் தீவின் கிடியம் ஊரைச் சேர்ந்தவர் ஜீனோ. வணிகர். கப்பல் உடைந்து சரக்கை எல்லாம் இழந்து கிரேக்கத்தின் ஏதென்ஸ் நகருக்கு வந்து சேர்ந்தார் என்கிறது பழைய வாழ்க்கைக் குறிப்பு. அங்கே ஒரு புத்தகக் கடையில் உட்கார்ந்திருந்தபோது, கடைக்காரர் சாக்ரடீஸைப் பற்றிய நூல் ஒன்றை வாசித்துக்கொண்டிருந்தாராம். இப்படிப்பட்ட மனிதர்களை எங்கே பார்க்கலாம் என்று ஜீனோ கேட்க, அந்த நேரம் பார்த்து தெருவில் போன கிரேட்டஸ் என்ற தத்துவவாதியைக் கடைக்காரர் கைகாட்டியிருக்கிறார். கொஞ்சம் சினிமாத்தனமான கதைதான், ஆனாலும் நல்ல கதை.

கி.மு. 300 வாக்கில் ஜீனோ தானே பாடம் சொல்லத் தொடங்கினார். அதற்கென்று தனிக் கட்டடம் எதுவும் இல்லை. ஏதென்ஸின் சந்தைத் திடலான அகோராவின் ஓரத்தில், ஓவியங்கள் வைத்த ஒரு தூண் மண்டபம் இருந்தது. அந்த மாதிரி மண்டபத்துக்கு கிரேக்கத்தில் 'ஸ்டோவா' என்று பெயர். அங்கே கூடிப் பேசியவர்கள் ஸ்டோயிக்குகள் ஆனார்கள். நம்ம பாஷையில் சொல்வதானால், திண்ணைக்காரங்க.

இன்று நாம் படிக்கிற ஸ்டோயிக் நூல்களில் பெரும்பாலானவை ரோமப் பேரரசுக் காலத்தைச் சேர்ந்தவை. அடிமையாக இருந்து விடுதலை பெற்ற எபிக்டெட்டஸ், நீரோ மன்னனின் ஆசிரியராக இருந்து கடைசியில் கி.பி. 65-ல் அதே நீரோவின் உத்தரவால் உயிரை மாய்த்துக்கொண்ட செனெகா, கி.பி. 161 முதல் 180 வரை ஆண்ட பேரரசர் மார்கஸ் அரேலியஸ். 'கிளாடியேட்டர்' படத்தின் தொடக்கத்தில் வயதான பேரரசர் ஒருவர் வருவாரே, அவர்தான். ஒரு அடிமை, ஒரு கோடீஸ்வரர், ஒரு பேரரசர் மூன்று பேரும் ஒரே பாடத்தைப் பழகியிருக்கிறார்கள்.

அந்தப் பாடம் என்ன?

நமக்கு நடப்பது ஒன்று, அதைப் பற்றி நாம் நமக்கே சொல்லிக்கொள்வது இன்னொன்று. இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழக வேண்டும். அடுத்தவர் என்ன நினைக்கிறார், வேலை நிலைக்குமா, உடம்பு ஒத்துழைக்குமா என்பதெல்லாம் முழுசாக நம் கையில் இல்லை. ஒரு விஷயத்தை எப்படி எடுத்துக்கொள்கிறோம், அடுத்து என்ன செய்யத் தீர்மானிக்கிறோம் என்பது நம் கையில் இருக்கிறது.

வாட்ஸ்அப்பில் நீல டிக் விழுந்து 2 மணி நேரம் ஆகிறது, பதில் இல்லை. நடந்தது அவ்வளவுதான். 'என்னை வேணும்னே அவாய்ட் பண்றான்' என்பது நாம் சேர்த்துக்கொண்ட வசனம். அந்த வசனத்துக்கு உடனே 'ஆமாம்' போடாமல் நிறுத்திப் பார்ப்பதுதான் பயிற்சி. (நியூஸ் டெஸ்கில் இருப்பவர்களுக்கு கமென்ட் பாக்ஸைத் திறந்தாலே இந்தப் பயிற்சி ஆரம்பித்துவிடும்.)

அப்படின்னா பயம், அழுகை எல்லாம் கூடாதா?

இங்கேதான் ரீல்ஸ் தப்பு பண்ணுகிறது. ரோமானிய எழுத்தாளர் ஆலஸ் கெல்லியஸ் ஒரு கப்பல் பயணத்தைப் பதிவு செய்திருக்கிறார். புயலில் கப்பல் தத்தளித்தபோது, உடன் வந்த ஸ்டோயிக் தத்துவவாதியின் முகமும் வெளிறிப்போனது. புயல் ஓய்ந்ததும் ஒரு பணக்காரப் பயணி, நீயெல்லாம் தத்துவவாதியா என்று கிண்டல் செய்தார். பிறகு கெல்லியஸ் தனியாகப் போய்க் காரணம் கேட்டபோது, அந்தத் தத்துவவாதி பையிலிருந்து எபிக்டெட்டஸின் நூலை எடுத்துக்காட்டி விளக்கினார். முதல் அதிர்ச்சி யாருக்கும் வரும், முகம் வெளிறுவது நம் கட்டுப்பாட்டில் இல்லை. அதன் பிறகு 'எல்லாம் போச்சு' என்று நம்பிவிடுகிறோமா என்பதுதான் விஷயம்.

மகள் படுக்கையில், அப்பா வெளியே

நாலு பேரோடு பேசிப் பழகுவது ஏன் முக்கியம் என்பதற்கு எபிக்டெட்டஸின் வகுப்பிலிருந்தே ஒரு சம்பவம் இருக்கிறது. பேரரசர் டொமிஷியன் தத்துவவாதிகளை விரட்டிய பிறகு, எபிக்டெட்டஸ் கிரேக்கத்தின் மேற்குக் கரையில் உள்ள நிகோபோலிஸ் நகரில் பள்ளி நடத்தினார். அவர் சொந்தமாக ஒரு வரிகூட எழுதி வைக்கவில்லை. மாணவர் அர்ரியன் எடுத்த குறிப்புகள்தான் நமக்குக் கிடைத்திருக்கின்றன.

ஒருநாள் ஒரு அரசு அதிகாரி அங்கே வருகிறார். குடும்பம் எப்படி இருக்கிறது என்று எபிக்டெட்டஸ் விசாரிக்க, அவர் மனசு உடைந்து சொல்கிறார். சின்ன மகளுக்கு உடம்பு சரியில்லை, பிழைப்பாளா என்று தெரியவில்லை. பக்கத்தில் இருந்து பார்க்கத் தாங்காமல் வீட்டை விட்டே போய்விட்டாராம். குணமாகிவிட்டாள் என்று ஆள் வந்து சொன்ன பிறகுதான் திரும்பினாராம்.

நீங்கள் செய்தது சரியா என்று கேட்கிறார் எபிக்டெட்டஸ். அப்பாக்களுக்கு அப்படித்தானே இருக்கும், அது இயல்புதானே, பாசம்தானே என்கிறார் அதிகாரி.

எபிக்டெட்டஸ் திட்டவில்லை, கேள்விதான் கேட்கிறார். குழந்தையின் அம்மாவுக்குப் பாசம் இல்லையா? அப்போது அவளும் கிளம்பிப் போயிருக்க வேண்டுமா? பார்த்துக்கொள்ளும் தாதிக்கும் பாசம்தானே, அவளும் போகலாமா? பாசம் உள்ளவர்கள் எல்லோரும் போய்விட்டால் அந்தக் குழந்தை யார் கையில் இருக்கும்? நாளைக்கு உங்களுக்கு உடம்பு சரியில்லை என்றால், உங்கள் குடும்பம் இதே மாதிரி உங்கள்மேல் பாசம் வைக்க வேண்டும் என்று ஆசைப்படுவீர்களா?

அதிகாரியிடம் பதில் இல்லை. அவரை வெளியே துரத்தியது பாசம் இல்லை, 'என்னால் இங்கே இருக்க முடியாது' என்று அவர் ஏற்றுக்கொண்ட முடிவு. அது அன்றுவரை அவர் கண்ணில் படவே இல்லை. தனியாக உட்கார்ந்து யோசித்திருந்தால் 'நான் ரொம்ப பாசக்கார அப்பா' என்றே கடைசிவரை நினைத்திருப்பார். எதிரில் ஒருவர் கேட்டதால்தான் அது வெளியே வந்தது. கவனியுங்கள், மகளைப் பற்றி வருந்தாதே என்று எபிக்டெட்டஸ் எந்த இடத்திலும் சொல்லவில்லை. வருத்தம் இருந்தால் கட்டில் பக்கத்தில் உட்கார் என்கிறார்.

இன்று யார் பழகுகிறார்கள்?

இங்கிலாந்தின் எக்ஸெட்டர் பல்கலைக்கழகத்தில் 2012-ல் 'ஸ்டோயிக் வீக்' தொடங்கியது. 7 நாட்கள், நாளுக்கு ஒரு கருப்பொருள், காலையிலும் இரவிலும் சின்னப் பயிற்சி. யார் வேண்டுமானாலும் ஆன்லைனில் சேரலாம். வாரத்துக்கு முன்னும் பின்னும் கேள்வித்தாள் கொடுப்பார்கள். மனநிறைவு கூடியதாகவே முடிவுகள் வந்திருக்கின்றன. ஆனால் ஆர்வம் இருப்பவர்கள்தானே வந்து சேருகிறார்கள்? அதனால் இதை மருத்துவ நிரூபணமாக எடுத்துக்கொள்ள முடியாது. இது தவிர, 'ஸ்டோயிக் ஃபெல்லோஷிப்' என்ற அமைப்பு பல நாடுகளில் உள்ளூர் குழுக்களை இணைக்கிறது.

மனநல சிகிச்சையிலும் இதன் தடம் உண்டு. இன்று பரவலாகத் தரப்படும் சிபிடி என்ற பேச்சு சிகிச்சைக்கு அடித்தளம் போட்ட ஆல்பர்ட் எல்லிஸ், ஆரன் பெக் இருவருமே ஸ்டோயிக்குகளிடமிருந்து கற்றதை வெளிப்படையாகச் சொன்னவர்கள்.

ஒரு குழு தொடங்கினால் என்ன பேசுவது?

பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டாம். 5, 6 பேர், வாரம் ஒரு மணி நேரம், எபிக்டெட்டஸின் கையேடான 'என்கிரிடியன்' போதும். ஐம்பதுக்குச் சற்று மேற்பட்ட சின்னச் சின்னப் பகுதிகள்தான். பழைய ஆங்கில மொழிபெயர்ப்புகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஒரு பகுதியை வாசித்துவிட்டு, அந்த வாரம் தனக்கு நடந்த ஒரு சம்பவத்தை ஒருவர் சொல்லலாம்.

உதாரணத்துக்கு, ஒருவர் 'மேனேஜர் எல்லார் முன்னாடியும் என்னை அசிங்கப்படுத்திட்டார்' என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பொதுவாக நண்பர்கள் என்ன செய்வோம்? 'விடு மச்சி' என்போம், இல்லை சேர்ந்து மேனேஜரைத் திட்டுவோம். இங்கே இரண்டும் வேண்டாம். அவர் சொன்ன வார்த்தைகளை அப்படியே சொல்லச் சொல்லுங்கள். 'ரிப்போர்ட் மறுபடியும் லேட், இது சரியில்லை'ன்னு சத்தமா சொன்னார். சரி, ரிப்போர்ட் லேட்தானா? ஆமாம். சத்தம் போட்டது சரியா? இல்லை. 'என்னை வேலையை விட்டுத் துரத்தப் பார்க்கிறார்' என்பது அவர் சொன்னதா, நீங்கள் சேர்த்ததா? இப்படிப் பிரித்த பிறகு, அடுத்த வாரத்துக்குள் செய்ய ஒரே ஒரு காரியத்தை அவரே சொல்லட்டும். தனியாகப் போய்ப் பேசுவதாகவும் இருக்கலாம், ரிப்போர்ட்டை ஒரு நாள் முன்னாடியே முடிப்பதாகவும் இருக்கலாம். அடுத்த கூட்டத்தில் முதல் கேள்வி அதுதான்.

யார் சரி, யார் தப்பு என்று தீர்ப்பு சொல்லும் இடமாக மாறினால் குழு இரண்டே வாரத்தில் கலைந்துவிடும். அங்கே பேசியது வெளியே போகக் கூடாது என்பதை முதல் நாளே பேசி முடித்துவிடுங்கள்.

வீட்டில் தனியாகச் செய்ய செனெகாவின் வழக்கம் ஒன்று இருக்கிறது. இரவு விளக்கை எடுத்த பிறகு, மனைவியும் பேச்சை நிறுத்திய அமைதியில், அன்றைய நாள் முழுவதையும் தனக்குள் ஓட்டிப் பார்ப்பாராம். ஒருவரைத் தேவைக்கு மேல் கண்டித்துவிட்டேன், அவர் திருந்தவில்லை, மனம்தான் புண்பட்டது என்கிற மாதிரி சாதாரண விஷயங்கள். பார்த்துவிட்டுத் தன்னை மன்னித்தும் விடுவார், மறுபடி செய்யாதே என்ற நிபந்தனையோடு.

எங்கே கவனமாக இருக்க வேண்டும்?

'நம் கையில் இல்லை' என்பதை 'எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்' என்று மாற்றிப் படிப்பது ரொம்ப சுலபம். அலுவலகத்தில் பாலியல் சீண்டல் நடந்தால், சீண்டுபவரின் புத்தி உங்கள் கையில் இல்லைதான். புகார் கொடுப்பது உங்கள் கையில் இருக்கிறது. 10 அல்லது அதற்கு மேற்பட்டவர்கள் வேலை பார்க்கும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும் என்கிறது 2013-ம் ஆண்டுச் சட்டம். குழுவில் யாராவது இதற்குக்கூட 'விட்டுடுங்க, மனசைப் பார்த்துக்கோங்க' என்று சொன்னால், அது ஸ்டோயிக் இல்லை. நீதியும் ஸ்டோயிக்குகளின் நான்கு அடிப்படைப் பண்புகளில் ஒன்று.

பழைய ஸ்டோயிக்குகளும் இதில் சறுக்கியவர்கள்தான். அடிமைகளும் நம்மைப் போன்ற மனிதர்களே என்று செனெகா எழுதினார், ஆனால் அடிமை முறையை ஒழிக்கச் சொல்லவில்லை. அவர் வீட்டிலேயே அடிமைகள் இருந்தார்கள்.

இன்னொன்று. வாரக்கணக்கில் தூக்கம் வரவில்லை, எதிலும் பிடிப்பில்லை, உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறது என்றால் அது குழுவில் பேசித் தீர்க்கிற விஷயம் அல்ல. 'டெலிமானஸ்' மனநல உதவி எண் 14416, தமிழ்நாடு அரசின் சுகாதார உதவி எண் 104, இரண்டுமே இலவசம். குழுவில் இருக்கும் ஒருவர் இப்படிப் பேசினால், கையேட்டை மூடி வைத்துவிட்டு அந்த எண்ணுக்குப் பேச அவரோடு கூட இருங்கள்.