ஒரு பத்திரிகாசிரியரும் அவர் மகளும்

தெற்கேயிருந்து வரும் ரயில் கல்யாணைக் கடந்ததும் பயணிகள் மூட்டை முடிச்சுகளைக் கட்டத் தொடங்குவார்கள். தாதர் நெருங்கிவிட்டது என்று பொருள். மாதுங்காவிலும் செம்பூரிலும் தாராவியிலும் குடியேறிய எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் இந்த மாநகரில் முதன்முதல் கால் வைத்தது தாதர் நிலையத்தில்தான். பிழைப்பைத் தேடி வந்தவர்கள் உண்டு. படிப்பைத் தேடி வந்தவர்கள் உண்டு. சொந்த ஊரில் செய்ய இயலாத ஒரு காரியத்தைச் செய்து முடிப்பதற்காக வந்தவரும் உண்டு. அத்தகைய ஒரு தமிழ்ப் பத்திரிகாசிரியரையும் அவருடைய மகளையும் பற்றியே இங்குச் சொல்ல விரும்புகிறேன்.

காவிரிக் கரையிலுள்ள திருவையாறு பெரிய பட்டணம் அன்று. அங்கே 1855ஆம் ஆண்டு பிறந்தவர் ஜி. சுப்பிரமணிய ஐயர். தந்தையார் கணபதி தீட்சிதர் உள்ளூர் முன்சீப் கோர்ட்டில் வக்கீலாக இருந்தவர். மகனுக்குப் பதின்மூன்று வயது நிரம்பியபோது தந்தை காலமானார். எனினும் படிப்பு நிற்கவில்லை. தஞ்சையில் கல்வி முடிந்ததும் சுப்பிரமணிய ஐயர் சென்னை சென்று ஆசிரியப் பயிற்சி பெற்றுப் பள்ளிக்கூட உபாத்தியாயரானார். வேலை பார்த்துக்கொண்டே 1877இல் பி.ஏ. பட்டமும் பெற்றார்.

மறு ஆண்டே அவர் வாழ்க்கை வேறு திசையில் திரும்பியது. முத்துசாமி ஐயர் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியாக நியமிக்கப்பட்டதை வெள்ளையர் நடத்திய பத்திரிகைகள் இழித்துரைத்தன. அவற்றுக்கு மறுமொழி கூற நம்மவர்க்கு ஒரு தாள் இல்லை. உபாத்தியாயர் இருவர், சட்டம் பயின்ற மாணவர் நால்வர், ஆக அறுவர் ஒன்றேமுக்கால் ரூபாயைக் கடன் வாங்கி, 1878 செப்டம்பர் 20ஆம் தேதி ‘ஹிந்து’ என்ற ஆங்கில வார ஏட்டை வெளியிட்டனர். முதல் இதழ் அச்சானது எண்பது பிரதிகள். அந்த உபாத்தியாயர் இருவரில் ஒருவர் சுப்பிரமணிய ஐயர், மற்றவர் மு. வீரராகவாச்சாரியார். முன்னவர் எழுத்தைக் கவனிக்க, பின்னவர் நிர்வாகத்தைக் கவனித்தார். ஆங்கிலம் அறிந்த சிலருக்கு மட்டும் எழுதினால் போதாது என்று கருதிய சுப்பிரமணிய ஐயர், 1882இல் ‘சுதேசமித்திரன்’ என்ற தமிழ் வாரப் பத்திரிகையையும் தொடங்கினார்.

பத்திரிகையே அவரைப் பம்பாய்க்கும் அழைத்து வந்தது. 1871இல் பம்பாயிலிருந்து சென்ற இருப்புப்பாதையும் சென்னையிலிருந்து வந்த இருப்புப்பாதையும் ராய்ச்சூரில் இணைந்தபின், இரு பட்டணங்களுக்கும் இடையே போக்குவரத்து எளிதாயிற்று. 1885 டிசம்பரில் கோவாலியா குளத்தருகே, கோகுல்தாஸ் தேஜ்பால் சமஸ்கிருதக் கல்லூரியில் காங்கிரஸ் மகாசபையின் முதற் கூட்டம் நடைபெற்றது. வந்திருந்த பிரதிநிதிகள் எழுபத்திருவர். அச்சபையின் முதல் தீர்மானத்தைப் பிரேரேபித்தவர் நம் திருவையாற்றுப் பத்திரிகாசிரியரே. இந்திய நிர்வாகத்தை ஆராய ஒரு விசாரணைக் குழு அமைக்க வேண்டும் என்பதே அத்தீர்மானம்.

சபையில் ஆட்சியாளரை விசாரிக்கக் கோரியவருக்குத் தம் இல்லத்திலேயே ஒரு விசாரணை காத்திருந்தது. அவருடைய மகள் சிவப்பிரியை, சிறுமியாயிருக்கும்போதே கணவனை இழந்தாள். அக்காலத்தில் அதன் பொருள் என்ன என்பதை நேயர்களுக்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. பள்ளியில் பாடம் படிக்க வேண்டிய வயதில், பூவும் பொட்டும் நல்லாடையும் மறுக்கப்பட்டு, வீட்டின் மூலையொன்றில் வாழ்நாள் முழுவதையும் கழிக்க வேண்டும். விதவையின் மறுமணம் செல்லும் என்று 1856இலேயே சட்டம் பிறந்துவிட்டது. ஆனால் சட்டம் புரோகிதரை அழைத்து வராது. பந்தியில் உறவினரை உட்காரவைக்காது. மறுமணம் புரிந்தவள் முதற் கணவனின் சொத்தில் தனக்கிருந்த உரிமையை இழக்க வேண்டும் என்றும் அதே சட்டம் விதித்திருந்தது.

குழந்தை மணத்தையும் விதவைக் கொடுமையையும் கண்டித்து எழுதிவந்தவர் சுப்பிரமணிய ஐயர். ஊரார் வீட்டுப் பெண்ணுக்காக எழுதுவது ஒன்று. தம் வீட்டுப் பெண்ணுக்கு அதைச் செய்து காட்டுவது வேறொன்று. அந்நாளைய சீர்திருத்தக்காரர்களில் மிகப் பெரியவர்களே இவ்விடத்தில் தயங்கி நின்றதுண்டு. மகாதேவ் கோவிந்த் ரானடே விதவை மறுமணத்துக்காகப் பல்லாண்டுகள் உழைத்த உத்தமர். ஆயினும் 1873இல் முதல் மனைவி இறந்தபோது, தந்தையின் வற்புறுத்தலை மீற மாட்டாமல் பதினொரு வயதுச் சிறுமியை மணந்தார். ரானடேயைக் குறை கூற இதைச் சொல்லவில்லை. குடும்பத்தின் பிடி எவ்வளவு வலியது என்பதற்கு அளவுகோலாகவே சொல்கிறேன்.

சுப்பிரமணிய ஐயர் தயங்கவில்லை. 1889ஆம் ஆண்டு டிசம்பரில் காங்கிரஸ் மறுபடியும் பம்பாயில் கூடியது. சர் வில்லியம் வெட்டர்பர்ன் தலைமை வகித்தார்; இங்கிலாந்திலிருந்து சார்லஸ் பிராட்லா வந்திருந்தார். வந்த பிரதிநிதிகளின் தொகை, ஆண்டின் எண்ணைப் போலவே, 1,889 என்பது ஒரு விந்தை. அச்சமயத்தில் இந்தப் பம்பாய் நகரில் சிவப்பிரியைக்கு மறுமணம் செய்துவைத்தார் தந்தை.

சென்னையை விட்டுப் பம்பாய் ஏன்? இங்கே அதற்குப் பாதை ஓரளவு வெட்டப்பட்டிருந்தது. விஷ்ணு சாஸ்திரி பண்டிதர் 1866இலேயே மறுமணத்தை ஊக்குவிக்க ஒரு சங்கம் கண்டிருந்தார். 1871இல் மாதவதாஸ் ரகுநாததாஸ் என்ற குஜராத்தி வணிகர் தன்கோர் என்ற விதவையை மணந்து, சாதியாரின் எதிர்ப்பைத் தாங்கி நின்றார். பண்டித ரமாபாய் விதவைகளுக்கான சாரதா சதனத்தை இந்நகரில் தொடங்கியதும் அதே 1889இல்தான். காங்கிரஸை ஒட்டி ரானடேயின் சமூக மகாநாடும் கூடுவது வழக்கமாதலால், நாடெங்குமிருந்து வந்த சீர்திருத்தக்காரர்கள் அச்சமயம் இங்கே திரண்டிருந்தனர். சொந்த ஊரில் சுற்றத்தாரின் கண் ஒவ்வொரு வாசற்படியிலும் இருக்கும். அயலூரில் அந்தக் கண் இல்லை. இதை இம்மாநகரில் வாழும் தமிழர்களுக்கு நான் எடுத்துரைக்க வேண்டுமா?

ஆனால் அயலூரில் மணம் முடித்தவர் சொந்த ஊருக்குத் திரும்பித்தானே ஆகவேண்டும்! சென்னையில் உறவினரும் சமூகத்தாரும் அவரைப் புறக்கணித்தனர். சாப்பாட்டுப் பந்தி, சுபகாரியம், துக்கம் என எல்லாவற்றிலும் ஒரு குடும்பத்தைத் தனியே நிறுத்துவதுதான் சாதி விலக்கு. அதன் சுமை, தலையங்கம் எழுதும் ஆணைவிட வீட்டிலிருக்கும் பெண்கள்மீதே அதிகம் விழும். பத்திரிகையையும் அது பாதித்தது. சமூக விஷயங்களில் அவருடைய தீவிரம் ஆசாரத்தைப் பேணும் வாசகர் பலருக்கு உவப்பாயில்லை. பணமுடையும் சேர்ந்தது. கூட்டாளியோடு கருத்து வேற்றுமை முற்றி, இருபது ஆண்டுகள் வளர்த்த ‘ஹிந்து’வை விட்டு 1898இல் அவர் விலகினார்.

விலகியவர் ஓய்ந்துவிடவில்லை. மறு ஆண்டே ‘சுதேசமித்திரன்’ நாளேடாயிற்று. தமிழில் அதுவே முதல் நாளிதழ். ஆங்கிலத் தந்திகளையும் அரசியல் சொற்களையும் தமிழாக்கும் பட்டறையாக அது விளங்கியது. 1904இல் அப்பட்டறையில் உதவியாசிரியராக வந்து சேர்ந்த எட்டயபுரத்து இளைஞரே சுப்பிரமணிய பாரதியார். 1908இல் அரசாங்கம் சுப்பிரமணிய ஐயர்மீது இராஜத்துரோகக் குற்றம் சாட்டிக் கைது செய்தது. அதற்குள் கொடிய தோல் நோய் அவர் உடலை வாட்டத் தொடங்கியிருந்தது. 1915இல் சென்னை வந்த காந்தியடிகள் நோயுற்றிருந்த அவரைக் கண்டு சென்றார். 1916 ஏப்ரல் 18ஆம் தேதி அவர் மறைந்தார்.

சரித்திர நூல்கள் அவரை இரு பெரும் பத்திரிகைகளின் தந்தை என்று போற்றுகின்றன. அப்புகழ் தகுதியானதே. ஆனால் ஒன்றை நாம் மறத்தலாகாது. வெளியே சொன்ன சொல்லின் உண்மை வீட்டுக்குள் சோதிக்கப்பட்டது. அச்சோதனையில் துணிந்து நின்றது தந்தை மட்டுமல்லர். ஊர் ஏசும் என்று அறிந்தும், மொழி தெரியாத நகரில், மீண்டும் ஒரு மணமேடையில் அமர்ந்தாளே ஒரு சிறுமி, அவளும் அச்சரித்திரத்துக்கு உரியவள். தந்தையின் பெயரைச் சொல்லும்போது மகளின் பெயரையும் சேர்த்துச் சொல்லுவதே முறை.

விடுமுறை நாளொன்றில் தாதரிலிருந்து மேற்கு ரயில் பாதையில் கிராண்ட் ரோடு வரை சென்று, அங்கிருந்து சற்று நடந்தால் கோவாலியா குளத்தை அடையலாம். 1942இல் ‘வெள்ளையனே வெளியேறு’ என்ற முழக்கம் எழுந்த திடலும் அதுவே. குழந்தைகளை அழைத்துச் சென்று, முதல் காங்கிரஸில் முதல் தீர்மானம் கொணர்ந்த தமிழரைப் பற்றிச் சொல்லுங்கள். வீடு திரும்பும் வழியில், இதே நகரில் அவர் தம் மகளுக்குச் செய்துவைத்த திருமணத்தைப் பற்றியும் சொல்லுங்கள்.