அனுபவம் ஓய்வு பெறும்போது: மூப்படையும் அமெரிக்கச் செவிலியர் பணி

அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் 2000ஆம் ஆண்டு பீட்டர் பியூர்ஹவுஸும் அவருடைய இரு சகாக்களும் ஓர் ஆய்வை வெளியிட்டனர். 1983இல் 37.4 ஆக இருந்த பதிவு பெற்ற செவிலியரின் சராசரி வயது 1998இல் 41.9 ஆகிவிட்டது, 30 வயதுக்குட்பட்டோரின் பங்கு 30 விழுக்காட்டிலிருந்து 12 விழுக்காடாகச் சரிந்திருந்தது. பெண்களுக்கு மற்ற தொழில்களிலும் வழி திறந்ததால் செவிலியர் படிப்பை நாடியவர்கள் குறைந்தார்கள் என்று அவர்கள் காரணம் கண்டனர். 2020இல் தேவையைவிட ஏறத்தாழ 20 விழுக்காடு செவிலியர் குறைவாக இருப்பார்கள் என்பது அவர்களின் கணிப்பு.

அது பலிக்கவில்லை. 2002க்கும் 2009க்கும் இடையில் 23 முதல் 26 வயது வரையுள்ள செவிலியரின் எண்ணிக்கை 62 விழுக்காடு கூடியது. 2008இன் பொருளாதாரச் சரிவில் மூத்தவர்கள் பலர் ஓய்வைத் தள்ளிப்போட்டார்கள். தங்கள் கணிப்பு மாறிப்போனதை 2011இல் அதே ஆய்வாளர்களே நேர்மையுடன் எடுத்துரைத்தனர்.

அப்படியானால் சிக்கல் தீர்ந்ததா? இல்லை. தேசியக் கணக்கெடுப்பின்படி 2020இல் 52 ஆக இருந்த செவிலியரின் இடைநிலை வயது 2022இல் 46 ஆனது. இதை இளமை திரும்பியதாக மட்டும் எண்ணி மகிழ்வது தவறு. கொரோனாக் காலத்தில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் பணியை விட்டுப் போயிருந்தார்கள். அவர்களில் நீண்ட அனுபவம் கொண்டவர்கள் ஏராளம். ஒருவர் போன இடத்தில் இன்னொருவரை அமர்த்தினால் தலைக்கணக்கு நேராகும். ஆனால் நோயாளியின் மூச்சில், நிறத்தில், பேச்சில் தெரியும் சிறு மாற்றத்தைக் கருவி காட்டுமுன் கண்டுகொள்ளும் தேர்ச்சி ஆண்டுக்கணக்கான பணியில்தான் கைகூடும். செவிலியர் துறை ஆய்வாளர் பட்ரீசியா பென்னர் 1984இல் வெளியிட்ட நூலில் புதியவர் வல்லுநராகும் படிநிலைகளை விளக்கியிருப்பதும் இதைத்தான் காட்டுகிறது.

இத்தேர்ச்சி உடையவர்களை வெளியே தள்ளுவது பல நேரங்களில் முதுகுவலிதான். நோயாளியைக் கையால் தூக்கும்போது சுமக்கும் எடை 16 கிலோவுக்கு மேல் போகக்கூடாது என்பது அமெரிக்கப் பணிப் பாதுகாப்பு ஆய்வாளர்களின் பரிந்துரை. 100 கிலோ எடையுள்ள நோயாளியின் ஒரு கால் மட்டுமே ஏறத்தாழ அவ்வளவு இருக்கும். 12 மணி நேரப் பணியில் இப்படிப்பட்டவர்களைப் புரட்டிப் படுக்கவைத்து, நாற்காலிக்கு மாற்றி, கழிவறைக்கு அழைத்துச் செல்லும் 55 வயதுக்காரரின் உடம்பு எத்தனை நாள் தாங்கும்? பாதுகாப்பான முறையில் நோயாளிகளைக் கையாள டெக்சஸ் 2005இலேயே சட்டம் இயற்றியது. ஆனால் தூக்கும் கருவி வாங்கினால் மட்டும் போதாது. அது படுக்கைக்கு அருகில் இருக்கவேண்டும், இயக்க ஆளும் நேரமும் வேண்டும்.

வகுப்பறையின் நிலை இன்னும் கவலைக்குரியது. செவிலியர் கல்லூரிப் பேராசிரியர்களில் பலர் 60ஐ எட்டியவர்கள். மருத்துவமனைச் சம்பளம் கூடுதலாக இருக்கையில் உயர்பட்டம் பெற்றவர்கள் கற்பிக்க வருவது அரிது. ஆசிரியர், பயிற்சி இடம் ஆகியவற்றின் பற்றாக்குறையே முக்கியக் காரணமாக, 2021இல் மட்டும் தகுதியுள்ள 91,938 விண்ணப்பங்களை அமெரிக்கக் கல்லூரிகள் திருப்பி அனுப்பின.

வெளிநாட்டிலிருந்து ஆள் எடுப்பது எளிய வழியாகத் தோன்றலாம். செல்வ நாடுகளின் செவிலியரில் 23 விழுக்காட்டினர் வேற்றுநாட்டில் பிறந்தவர்கள் என்கிறது உலகச் சுகாதார நிறுவனத்தின் 2025 அறிக்கை. அவர்களை அனுப்பும் நாடுகள் பலவற்றில் வார்டுகள் ஏற்கெனவே ஆளின்றித் தவிக்கின்றன. ஆகவே 50 வயதைக் கடந்த செவிலியருக்குக் குறுகிய பணிநேரமும், இரவுப் பணியிலிருந்து விலக்கும், புதியவர்களைப் பயிற்றுவிக்கத் தனிச் சம்பளமும் தர மருத்துவமனை நிர்வாகங்கள் முன்வர வேண்டும். அதையும் அவர்கள் ஓய்வு விண்ணப்பம் தருவதற்கு முன்பே செய்ய வேண்டும்.