பொறியியல் கல்லூரிக்குள் நுழையும் வழிகள்: தலித் மாணவர்கள் அறிந்திருக்க வேண்டியவை

2024ஆம் ஆண்டு, உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த தலித் கூலித் தொழிலாளி ஒருவரின் மகன், தன்பாத் ஐ.ஐ.டி.யில் மின் பொறியியல் இடம் பெற்றார். இடத்தை உறுதி செய்யச் செலுத்த வேண்டிய 17,500 ரூபாயைக் குறித்த நேரத்துக்குள் கட்ட இயலாமல் போனது. செப்டம்பர் 30 அன்று உச்ச நீதிமன்றம், அரசமைப்பின் 142ஆம் பிரிவைப் பயன்படுத்தி அவரைச் சேர்க்க உத்தரவிட்டது. எல்லோராலும் உச்ச நீதிமன்றம் வரை செல்ல முடியாது. தகுதி பெற்றவர் வெளியே நிறுத்தப்படுவது பெரும்பாலும் மதிப்பெண்ணால் அன்று. பணத்தாலும் தேதியாலும் தகவலின்மையாலுமே.

தமிழ்நாட்டில் பொறியியலுக்கான நுழைவுத் தேர்வு 2007இல் ஒழிக்கப்பட்டது. பன்னிரண்டாம் வகுப்பில் கணிதம் 100க்கும், இயற்பியலும் வேதியியலும் தலா 50க்குமாகக் குறைக்கப்பட்டு, 200க்குக் கட் ஆஃப் கணக்கிடப்படுகிறது. பட்டியலின, பழங்குடி மாணவர்களுக்கு இப்பாடங்களில் சராசரியாக 40 விழுக்காடு போதுமானது. ஆகவே உண்மையான முதல் தேர்வு பதினொன்றாம் வகுப்பில் பாடப்பிரிவைத் தெரிவு செய்யும் நாளிலேயே நடந்துவிடுகிறது. 'உனக்குக் கணக்கு வராது' என்று கூறி வேறு பிரிவுக்குத் தள்ளப்படும் பிள்ளைக்கு அன்றே ஒரு கதவு மூடப்படுகிறது.

பட்டியலினத்தவர்க்கு 18 விழுக்காடு. அதற்குள் அருந்ததியர்க்கு 3 விழுக்காடு. பழங்குடியினர்க்கு 1 விழுக்காடு. உயர்ந்த தரவரிசை பெற்றவர் பொதுப்பிரிவின் 31 விழுக்காட்டிலும் இடம் பெறலாம். அது சலுகை அன்று, அவருடைய உரிமை. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் பயின்றோர்க்கு 2021ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு உண்டு. ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளும் இதில் அடங்கும். இவ்வொதுக்கீட்டில் சேர்வோரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது.

மற்றவர்கள் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையை நம்பியிருக்கின்றனர். குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். இங்கே ஓர் எச்சரிக்கை: நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தோர்க்கு இவ்வுதவி கிடையாது. 'இடம் உறுதி, உதவித்தொகையும் வாங்கித் தருகிறோம்' என்று ஜூன் மாதத்தில் ஊருக்குள் வரும் முகவர்கள் இதைச் சொல்வதில்லை. சேர்ந்த பிறகு கட்டணம் முழுவதும் குடும்பத்தின் கடனாக விழும். கலந்தாய்வு வழியே வந்தவரிடமும் முன்பணம் கேட்கும் கல்லூரிகள் உள்ளன. சாதி, வருமானச் சான்றிதழ்களை ஏப்ரலிலேயே பெற்றுவிடுவது நன்று.

பன்னிரண்டாம் வகுப்பு மட்டுமே வழி அன்று. பத்தாம் வகுப்புக்குப் பின் மூன்றாண்டுப் பாலிடெக்னிக் பட்டயம் முடித்தோர், பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். கணிதம் பயின்ற பி.எஸ்சி. பட்டதாரிகளுக்கும் இவ்வழி திறந்துள்ளது. ஐ.டி.ஐ. முடித்தவர் பட்டயப் படிப்பின் இரண்டாம் ஆண்டில் சேர்ந்து, அங்கிருந்து பி.இ.க்குச் செல்லலாம், சுற்றுவழிதான், ஆனால் கைத்தொழில் அறிவோடு வருவோர் ஆய்வகத்தில் எவருக்கும் சளைத்தவர் அல்லர். அவர்கள் தடுமாறுவது உயர்கணிதத்தில். முதலாண்டுக் கணிதத்தைக் கோடை விடுமுறையிலேயே மூத்த மாணவர்களிடம் கற்றுக்கொள்வது, மூன்றாம் பருவத்தில் அரியர் விழாமல் காக்கும். பணியில் இருக்கும் பட்டயதாரர்களுக்குச் சில கல்லூரிகள் பகுதிநேர பி.இ. நடத்துகின்றன.

ஐ.ஐ.டி.களில் பட்டியலினத்தவர்க்கு 15, பழங்குடியினர்க்கு 7.5 விழுக்காடு. அவர்களுக்குக் கல்விக் கட்டணம் முழுவதும் தள்ளுபடி. பன்னிரண்டாம் வகுப்பில் 75 விழுக்காடு என்னும் விதி இவர்களுக்கு 65. அட்வான்ஸ்டு தேர்வில் சற்றே பின்தங்கியோர்க்கு ஓராண்டு ஆயத்தப் படிப்பு உண்டு. அதில் தேறினால் மறு ஆண்டு பி.டெக். முதலாண்டில் சேரலாம். ஆயத்தப் பட்டியலில் பெயர் வந்தும், அது தோல்வி எனக் கருதி விட்டுவிடுவோர் உண்டு.

தமிழ்நாட்டுக் கலந்தாய்வில் ஒதுக்கீடு வந்ததும் அதனை இணையத்தில் உறுதி செய்ய வேண்டும். பின்னர் குறித்த சில நாட்களுக்குள் கல்லூரியிலோ உதவி மையத்திலோ கட்டணம் செலுத்த வேண்டும். தவறினால் இடம் இரத்தாகும். இறுதியில் நிரம்பாத அருந்ததியர் இடங்களுக்குப் பிற பட்டியலின மாணவர்களை அழைக்கும் சுற்று நடக்கிறது. முதற்சுற்றுகளில் இடம் கிடைக்காதோர் அந்த அறிவிப்பு வரும்வரை இணையதளத்தை நாள்தோறும் பார்த்து வர வேண்டும்.