பெருமந்தக் காலத்துச் சில்லறைக் கடைகள்

கடை என்னும் சொல் வாயிலையும் குறிக்கும், இறுதியையும் குறிக்கும், விற்பனை செய்யும் இடத்தையும் குறிக்கும். தெருவாயிலில் அமைந்து தெருவார்க்கே விற்கும் சிறு கடையை நோக்குங்கால், முதற்பொருளுக்கும் மூன்றாம் பொருளுக்கும் உள்ள உறவு எளிதில் விளங்கும். சிலப்பதிகாரம் புகாரின் நாளங்காடியைச் சிறப்பிக்கின்றது. மதுரைக்காஞ்சி நாளங்காடி, அல்லங்காடி இரண்டனையும் விரித்துரைப்பதோடு, இரவு முதிர்ந்தபின் வணிகர் தம் கடைகளை அடைத்துச் செல்வதனையும் காட்டுகின்றது. ஆயின் அங்கு அடைக்கப்பட்ட கடைகள் மறுநாட் காலையில் திறக்கப்பெறுவன. மீண்டும் திறவாதபடி அடைக்கப்பட்ட கடைகளைப் பற்றியதே இக்கட்டுரை. 1929-ஆம் ஆண்டின் இறுதியில் உலகைப் பற்றிய பொருளாதாரப் பெருமந்தம் தமிழகத்துச் சிற்றூர்களிலும் நகரத் தெருக்களிலும் இருந்த சில்லறைக் கடைகளை எவ்வாறு வீழ்த்தியது என்பதனையும், அவ்வீழ்ச்சி ஏன் வரலாற்றில் இடம்பெறாது போயிற்று என்பதனையும் ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

பெரிய நிலையங்களின் வீழ்ச்சிக்குச் சான்று தேடி அலைய வேண்டுவதில்லை. 1906-ஆம் ஆண்டு அக்டோபரில் சென்னை அர்பத்நாட் நிறுவனம் நொடித்தது. அதன் விளைவாக 1907-இல் இந்தியன் வங்கி தோன்றியது. 1938-ஆம் ஆண்டு சூன் திங்களில் திருவாங்கூர் நேஷனல் கொயிலோன் வங்கி கதவடைத்தது. இவற்றுக்கு நீதிமன்ற ஆவணம் உண்டு. செய்தித்தாட் குறிப்பு உண்டு. ஆராய்ச்சி நூல்களும் உண்டு. மூலைக் கடையொன்று அதே ஆண்டுகளில் மூடப்பட்டமைக்கு என்ன சான்று உண்டு?

சான்று இன்மைக்குக் காரணம் எவருடைய கவனக்குறைவும் அன்று. சட்டத்தின் அமைப்பே அதற்குக் காரணம் எனத் துணியலாம். மக்கள் 'மஞ்சட் கடிதம் கொடுத்தல்' என்று வழங்கும் நொடிப்பு விண்ணப்பத்தை எடுத்துக்கொள்வோம். சென்னை நகர்க்கு 1909-ஆம் ஆண்டுச் சட்டமும் ஏனைய மாவட்டங்கட்கு 1920-ஆம் ஆண்டுச் சட்டமும் இதற்கு உரியன. இவற்றின்படி ஒருவர் தம்மை நொடித்தவராக அறிவிக்குமாறு வேண்டுவதற்கு, அவர்தம் கடன் 500 ரூபாயேனும் இருத்தல் வேண்டும். அன்றேல் கடனுக்காகச் சிறைப்பட்டிருத்தலோ, சொத்து நீதிமன்ற ஆணையால் பற்றப்பட்டிருத்தலோ வேண்டும். அக்காலத்தில் 500 ரூபாய் சிறு தொகை அன்று. இருநூறு ரூபாய்க் கடனில் அழிந்த கடைக்காரர் நொடித்தவராகவும் எண்ணப்பெறார். வருமான வரிப் பதிவேடும் இத்தகையதே. ஆண்டொன்றுக்கு 2,000 ரூபாய்க்குக் குறைந்த வருவாயுடையார் அதனுள் வாரார். 1931-ஆம் ஆண்டின் இறுதியில் அரசு தன் வருவாய்க் குறைவை ஈடுசெய்யும் பொருட்டு அவ்வெல்லையை 1,000 ரூபாயாகத் தாழ்த்தியது. மந்தத்தால் நலிந்த நடுத்தர வணிகர் சிலர் அவ்வாண்டிலேயே முதன்முறையாக வரிப்பதிவேட்டில் ஏறினர் என்பது வேடிக்கையான செய்தி. சில்லறைக் கடைக்காரரோ அப்போதும் எல்லைக்குக் கீழேயே நின்றனர். பதிவேட்டில் ஏறாதார் பதிவேட்டினின்று நீங்கவும் இயலாது.

ஆகவே இவர்தம் வரலாற்றைக் கடையின் இயக்கத்தை அறிந்தே உணர்தல் வேண்டும். சில்லறை என்பது சிறு நாணயம்; அந்நாணயத்தின் பெயரே வணிகத்துக்கும் ஆயிற்று. ரூபாய்க்குப் பதினாறு அணா, அணாவுக்குப் பன்னிரண்டு தம்படி என்றிருந்த காலத்தில், காலணாவுக்குப் புளியும் அரையணாவுக்கு எண்ணெயும் கேட்டு வருவோரே இக்கடைகட்கு வாழ்வளித்தனர். மாத முதலில் மூட்டையாக வாங்க இயன்றவர் பெரிய மண்டியை நாடுவர். அன்றாடக் கூலி பெற்று அன்றாடம் உலையேற்றுவார்க்கு அருகிலுள்ள சிறுகடை இன்றியமையாதது. கூலி கிடைக்காத நாளில் அவர்க்குக் கடன் தருவதும் அதுவே.

இக்கடனைப் 'பற்று' என்பர். நீண்டு ஒடுங்கிய கணக்கேட்டில், தலைப்பில் பிள்ளையார் சுழியும் ஓரங்களில் மஞ்சளும் இட்டு, ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கிப் பற்றும் வரவும் எழுதுவர். இக்கடனுக்கு ஈடு இல்லை, பத்திரம் இல்லை, பெரும்பாலும் வட்டியும் இல்லை. வட்டிக்கு மாறாக விலையில் சிறிது கூடுதல் இருக்கலாம், மறுக்க இயலாது. ஆயினும் ஈடு காட்ட ஒன்றுமில்லாத ஏழைக்கு மறுப்பின்றிக் கிடைத்த கடன் இதுவொன்றே என்பதை மறத்தல் ஆகாது. நிலமுடையார்க்கு அடைமானம் உண்டு. நகையுடையார்க்கு அடகுக்கடை உண்டு. இரண்டும் இல்லார்க்குப் பற்றேடு இருந்தது. நெல் அளப்போர் முதல் மரக்காலை 'ஒன்று' என்னாது 'இலாபம்' என்று எண்ணித் தொடங்கும் வழக்கம் நம் நாட்டில் உண்டு. சில்லறைக் கடையின் இலாபமோ பற்றேட்டில் எழுதப்பட்டு, கொடுப்பவர் கையை எதிர்நோக்கியே இருந்தது.

1929-ஆம் ஆண்டுக்கும் 1933-ஆம் ஆண்டுக்கும் இடையில் சென்னை மாகாணத்தில் நெல் விலை ஏறத்தாழப் பாதியாக இறங்கிற்று. நிலக்கடலையும் பருத்தியும் உடன் வீழ்ந்தன. பர்மாவினின்றும் கீழ்நாடுகளினின்றும் வந்த மலிவான அரிசி தஞ்சை நெல்லின் விலையை மேலும் தாழ்த்தியது. 1927-இல் ரூபாய்க்கு ஒரு சில்லிங்கு ஆறு பென்சு என நிறுவப்பட்ட மாற்று விகிதம் மாறாதிருந்தது. நிலவரியோ பணத்தில் வரையறுக்கப்பட்டிருந்தது. இரண்டு மூட்டை விற்றுச் செலுத்திய வரிக்கு நான்கு மூட்டை விற்க வேண்டியதாயிற்று. 1931-ஆம் ஆண்டு செப்டம்பரில் இங்கிலாந்து பொன் அளவையைக் கைவிட்டபின் பொன்னின் விலை உயர, வீடுகளிலிருந்த நகைகள் விற்கப்பட்டுப் பம்பாய்த் துறைமுகம் வழியே கப்பலேறின. உழவர் கடனை ஆராய்ந்த மாகாண வங்கி விசாரணைக் குழு 1930-இல் அதனை 150 கோடி ரூபாய் என மதித்தது. 1935-இல் சத்தியநாதன் அறிக்கை அதனை ஏறத்தாழ 200 கோடி என்றது.

விலை குறைந்தால் வாங்குவோர்க்கு நன்மைதானே, கடைக்கு அதனால் என்ன கேடு என வினவலாம். கேடு இரு திசையினின்றும் வந்தது. கடைக்காரர் மண்டியில் தவணைக்குக் கொள்முதல் செய்பவர்; கொண்ட நாளின் விலையே அவர் செலுத்தவேண்டிய கடன். அச்சரக்கு விற்பனையாகுமுன் விலை இறங்கின், இறங்கிய விலைக்கே அவர் விற்றாதல் வேண்டும். மேலே அவர் பட்ட கடன் குறையாது. கீழே அவர் கைச்சரக்கின் மதிப்பு நாடோறும் குறையும். இஃது ஒரு திசை. மற்றொன்று பற்றேடு. வேலையும் விலையும் குன்றியபோது தெருவார் ரொக்கத்துக்கு வாங்குதலைக் குறைத்துப் பற்றுக்கு வாங்குதலைப் பெருக்கினர். அலமாரியிலிருந்த சரக்கு மெல்ல மெல்ல ஏட்டிலிருக்கும் எழுத்தாக மாறியது. மண்டிக்காரர் அவ்வெழுத்தைப் பெற்றுக்கொண்டு சரக்குத் தாரார்.

பற்றுக் கொடுப்பதை நிறுத்தியிருக்கலாமே எனின், நிறுத்திய அன்றே பழைய பற்றும் வாராது. அவ்வீட்டார் அடுத்த கடையை நாடுவர். கொடுத்தாலோ சரக்குத் தீரும். இவ்விரண்டனுள் எதனைத் தேர்ந்தாலும் முடிவு ஒன்றே என்ற நிலைக்குக் கடைக்காரர் தள்ளப்பட்டனர். சிறுகடைகள் வாங்குவார் இன்மையால் அழிந்தன என்னும் பொதுக்கருத்தை யாம் உடன்படுகிலோம். வாங்குவார் வந்துகொண்டே இருந்தனர். அவர் வந்தமையாலேயே பல கடைகள் அழிந்தன எனலே பொருந்தும்.

சட்டத்தின் மற்றொரு கூறு இந்நிலையைக் கடுமையாக்கிற்று. 1908-ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டப்படி, விற்று ஒப்படைத்த பொருளின் விலைக்கு வழக்கிடும் உரிமை மூன்றாண்டில் முடியும். கடன்பட்டவர் இடையில் தம் கையொப்பமிட்டு எழுத்தில் ஒப்புக்கொண்டாலன்றி அவ்வெல்லை நீளாது. கடைக்காரர் தம் கைப்பட எழுதிய ஏடு மட்டும் அதற்குப் போதாது. எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து நிற்கும் எழுத்தறியாக் கூலியாளிடம் கையொப்பம் கேட்கும் கடைக்காரர் யார்? கேட்டிருப்பின் தெருவே நகைத்திருக்கும். மந்தம் மூன்றாண்டின் மேலும் நீடித்தது. ஆகவே 1930-இல் எழுதப்பட்ட பற்று, நிலைமை சிறிது தேறத் தொடங்கிய காலத்தில் சட்டத்தின்முன் செல்லாததாகிவிட்டது. அதன்பின் அதனைக் கொடுத்தவர் நாணயத்துக்கு அஞ்சியே கொடுத்தனர். அவ்வாறு கொடுத்தோரும் பலர் இருந்திருத்தல் கூடும். அதற்கும் அந்த ஏட்டையன்றி வேறு சான்றில்லை.

கடல் கடந்த தொடர்பும் ஈண்டுக் கருதற்பாலது. திருச்சி, தஞ்சை, சேலம் முதலிய மாவட்டங்களின் சிற்றூர்கட்கு மலேயாவினின்றும் இலங்கையினின்றும் பணம் வந்துகொண்டிருந்தது. ரப்பர் விலை வீழவே, 1930-ஆம் ஆண்டு ஆகஸ்டில் மலேயா அரசு உதவித்தொகை அளித்து ஆள் வரவழைப்பதை நிறுத்தியது. வேலையிழந்த தோட்டத் தொழிலாளர் பெருந்தொகையினராய்த் தாயகத்துக்கு அனுப்பப்பட்டனர். சிற்றூர்க் கடைக்கு இதனால் நேர்ந்த இழப்பு இரட்டிப்பானது: தபால்காரர் கொணர்ந்த பணம் நின்றது; அதனை அனுப்பியவரே பற்றுக்கு வாங்குபவராய்த் திரும்பி வந்தார்.

உழவர் துயர் தீர்க்க 1938-ஆம் ஆண்டு இராசாசி அமைச்சரவை கடன் நிவாரணச் சட்டம் இயற்றியது. 1932-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாளுக்கு முற்பட்ட கடன்களில், 1937-ஆம் ஆண்டு அக்டோபர் வரை நிலுவையான வட்டி முழுதும் நீக்கப்பட்டது. அச்சட்டம் அக்காலத்துக்கு வேண்டுவதே. அதனால் நிலம் இழவாது தப்பியோர் பலர். ஆயினும் அதன் பாதுகாப்பு வேளாண் நிலத்தில் உரிமையுடைய 'உழவர்'க்கே உரியது. நிலமில்லாத சில்லறைக் கடைக்காரர் அதன் நிழலில் ஒதுங்க இயலவில்லை. மண்டிக்காரருக்கு அவர் பட்ட கடனுக்கு நிவாரணம் இல்லை. கடன் கொடுத்தோரையெல்லாம் ஒரே தட்டில் வைத்து நிறுத்த, அன்றைய அரசியல் உரைகளில் பெருவட்டி வாங்கியவரும் உப்புக்குக் கடன் கொடுத்தவரும் வேறுபடாது போயினர். இவ்வேறுபாட்டைப் பேணாமை பிற்கால ஆய்வாளரிடத்தும் ஓரளவு தொடர்கின்றது. கிறிஸ்தோபர் பேக்கர் 1984-இல் வெளியிட்ட தமிழகச் சிற்றூர்ப் பொருளாதாரம் பற்றிய நூல் மந்தக் காலத்துக் கடன்முறையின் சிதைவை நன்கு ஆராய்கின்றது. அச்சிதைவின் கடைசிக் கண்ணியாகிய பற்றேட்டைத் தனியே ஆராய்தல் இனி வேண்டப்படுவது.

எல்லாக் கடைகளும் வீழ்ந்தன அல்ல. குடும்பத்தாரே கடையில் உழைத்தமையால் கூலிச் செலவின்றித் தாங்கியவை உண்டு. கூட்டமைப்பு உடையோர்க்கும் ஓரளவு பாதுகாப்பு இருந்தது. நாடார் வணிகர் தம் வணிகத்தில் மகமை என்னும் பங்கு ஒதுக்கிப் பொதுநிதி வளர்த்தமையும், 1921-இல் தூத்துக்குடியில் நாடார் வங்கியை நிறுவியமையும் ஈண்டு நினைத்தற்குரியன. அவ்வங்கியே 1962-இல் தமிழ்நாடு மெர்க்கண்டைல் வங்கி எனப் பெயர் மாறியது. தனித்து நின்றவர்க்கு இத்தகைய துணை இல்லை. அவர் கடையைக் கட்டிவிட்டு மற்றொரு கடையில் சிப்பந்தியாகச் சேர்ந்தனர். அல்லது ஊரைவிட்டு நீங்கினர்.

இதனை முடிந்துபோன கதையாக எண்ணற்க. 2016-ஆம் ஆண்டு நவம்பர் 8-ஆம் நாள் இரவு, 500, 1,000 ரூபாய்த் தாள்கள் செல்லாதன ஆயினபோது, புழக்கத்திலிருந்த பணத்தின் மதிப்பில் ஏறத்தாழ நூற்றுக்கு 86 பங்கு மறைந்தது. அவ்வாரங்களில் சில்லறையின்றித் தவித்த தெருவார்க்குப் பற்றேடே மீண்டும் துணையாயிற்று. 2017-ஆம் ஆண்டு சூலையில் வந்த சரக்கு சேவை வரி, ஆண்டு விற்பனை 20 இலட்சத்துக்குக் குறைந்த கடைகளைப் பொதுவாகப் பதிவுக் கடமையினின்று விலக்கியது. விலக்கு நன்றே, ஆயினும் பழைய எல்லைக்கோடு புதிய உருவில் நின்றது. 2020-ஆம் ஆண்டு மார்ச்சு 25 முதல் நாடடங்கியபோது, மளிகைக் கடைகட்கு இசைவு இருந்தும் தேநீர்க் கடை, முடி திருத்தகம், தையற் கடை முதலியன மூடிக் கிடந்தன. அவ்வாண்டு மே திங்களில் சென்னைக் கோயம்பேட்டு அங்காடி மூடப்பட்டு, காய்கறி மொத்த வணிகம் திருமழிசைக்கு மாற்றப்பட்டது. நாள்தோறும் அங்குச் சென்று வாங்கி வந்து விற்ற சிறுகடைக்காரர் பலர்க்கு அத்தொலைவே தடையாயிற்று. அவருள் மீண்டும் திறவாதார் எத்துணையர் என எண்ண முற்படின், 1930-களுக்கு நேர்ந்த இடர்ப்பாடே இங்கும் நேர்கின்றது.

பற்றேடுகளைத் தொகுத்தல் ஒன்றே வழி எனக் கருதுகின்றோம். கோயிற் கல்வெட்டுக்கும் ஓலைச்சுவடிக்கும் நம் துறையினர் ஊர் ஊராகச் சென்று உழைத்துள்ளனர். கடைக்கணக்கைத் தேடிச் சென்றார் அரியர். அரை, கால், மாகாணி என்னும் பின்ன அளவைகளின் தமிழ்க் குறியீடுகள் வழக்கில் எவ்வளவு காலம் நீடித்தன, எவ்வகைச் சரக்குக்கு எந்த ஊரில் என்ன பெயர், எந்த ஆண்டில் எந்தப் பக்கத்தில் வரவு நின்றது என்பனவெல்லாம் அவற்றில் உள்ளன. ஆனால் மூடிய கடையின் ஏட்டை எவரும் பெட்டியில் வைத்துப் போற்றுவதில்லை. அவ்வேடு பழந்தாளாக எடைக்குப் போடப்படும். அடுத்த தெருக் கடைக்காரர் அதனை வாங்கித் தாள் தாளாகக் கிழித்து மிளகும் சீரகமும் மடித்துக் கொடுப்பார்.